கரண்ட் போய் வந்தால் காணாமல் போகும் வைஃபை

ஃபைபர் இணைப்பைக் குறை சொல்ல முடியாது. போன் செய்த அன்றே ஆள் வந்துவிட்டார். நான் இருக்கும் அமெரிக்காவின் டல்லாஸில் இதற்குக் காலை 8 முதல் 12 வரை வாசலைப் பார்த்தே உட்கார்ந்திருக்க வேண்டும். மனம் நொந்தது வேறொன்றில்.

பாளையங்கோட்டை வீட்டில் எல்லோர் போனிலும் வைஃபை ஓடுகிறது. அமெரிக்காவில் வாங்கிய லேப்டாப்பில் மட்டும் வீட்டு வைஃபையின் பெயரே வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களுடையது வரிசையாகத் தெரிகிறது. "லேப்டாப்ல கார்டு போயிருக்கும் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, இணைப்பைப் பார்க்க வந்த தம்பி கிளம்பிவிட்டார். சாயங்காலம் கரண்ட் போய் வந்ததும் பெயர் தானாக வந்தது. மறுநாள் கரண்ட் போய் வர, மறுபடி மறைந்தது. கார்டு போயிருந்தால் இப்படி வந்து போகாது.

கோளாறு சேனலில், அதாவது வைஃபை ஓடும் அலைத்தடத்தில். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இந்தியாவில் 13 சேனல் வரை உண்டு. அமெரிக்காவில் விற்கும் பல லேப்டாப்கள் 11-க்கு மேல் தேடுவதே இல்லை. ரவுட்டரில் சேனல் 'ஆட்டோ'வில் இருந்தால், ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் நெரிசல் குறைந்த இடம் தேடும். தெருவில் பாதிப் பேர் 1, 6, 11-ல் இருக்க, அது 13-ல் போய் உட்கார்ந்தால் லேப்டாப்புக்குக் கண் தெரியாது. இங்கே வாங்கிய போன்களுக்கு அந்தத் தடை இல்லை.

சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும். போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வைஃபையில் இருந்தபடியே பிரவுசரில் 192.168.1.1 என்று அடியுங்கள். திறக்காவிட்டால் சரியான முகவரியும், யூசர் நேமும் பாஸ்வேர்டும் ரவுட்டர் பெட்டியின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். வைஃபை அமைப்புகள் இருக்கும் டபிள்யூலேன் (WLAN) பகுதியில் 2.4ஜி-க்குப் போய், சேனலை ஆட்டோவிலிருந்து 1, 6, 11-ல் ஒன்றுக்கு மாற்றுங்கள். சேனலின் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். சேவ் கொடுத்ததும் வைஃபை சற்று நேரம் அறுந்து திரும்பும்.

'5ஜி' என்று முடியும் இன்னொரு வைஃபை பெயரில் (5 கிகாஹெர்ட்ஸ்) சேர்ந்தால் போதாதா என்றால், பெட்டி இருக்கும் பட்டாசாலையில் போதும். அந்தக் காலத்துச் சுண்ணாம்புக் காரைச் சுவர் இரண்டைத் தாண்டி அடுக்களைக்கு வருவதற்குள் அது செத்துவிடும். வெயில் காலத்தில் அந்தச் சுவரின் குளிர்ச்சிக்கு ஈடே கிடையாது, சிக்னலுக்குத்தான் ஆகாது.

அமெரிக்கா திரும்புமுன் வீட்டில் ஒன்று சொல்லி வையுங்கள்: நெட் வரவில்லை என்றால் சுவிட்சை அணைத்துப் போடலாம். ஊசியால் குத்தும் ரீசெட் துளையைத் தொடக் கூடாது. தொட்டால் பாஸ்வேர்டோடு சேனலும் பழையபடி ஆட்டோவுக்குப் போய்விடும்.