சூடாக்கும் பம்புக்கு எந்த ரிலே: வைஃபையா, ஜிக்பீயா?

பாய்லரின் வெந்நீரை அறை அறையாகச் சுற்றவிடும் பம்ப் 40 வாட்தானே, அதை ஆன்-ஆஃப் செய்ய எந்த ரிலேயும் (செயலியிலிருந்து இயக்கும் சுவிட்ச்) போதும் என்று தோன்றும். ஆனால் புது மின்னணு பம்புகள் ஆன் ஆகும் கணத்தில், உள்ளிருக்கும் கெப்பாசிட்டர் நிரம்புவதற்காக, பல மடங்கு ஆம்பியரை இழுக்கும். நாளடைவில் ரிலேயின் தொடுமுனைகள் ஒட்டிக்கொள்ளலாம். செயலியில் ‘ஆஃப்’ என்றிருக்கும், பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். இந்தத் தொல்லை இரண்டு வகைக்கும் பொது.

வைஃபை ரிலேக்கு ஹப் (சாதனங்களை வீட்டு நெட்வொர்க்கோடு இணைக்கும் நடுப்பெட்டி) வேண்டாம். நல்லவற்றில் டைமர் உள்ளேயே இருக்கும், இணையம் போனாலும் கவலையில்லை. ஸ்மார்ட் சாதனங்களுக்கான தனி ரேடியோ முறையான ஜிக்பீயில் பெரும்பாலும் ஹப் படுத்தால் அட்டவணையும் படுத்துவிடும். ஆனால் பாய்லர் நிலவறையில் இருந்து, ரவுட்டர் சிக்னல் அங்கே எட்டவில்லையென்றால் ஜிக்பீதான்: வழியில் மின்இணைப்பில் இருக்கும் ஜிக்பீ பிளக்குகள் சிக்னலைக் கைமாற்றிக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

சிக்னல் கிடைக்கிற இடமென்றால் என் ஓட்டு வைஃபைக்கே. பாய்லரின் தெர்மோஸ்டாட் முனையில் இணைப்பதானால், தன் மின்சாரத்தை வெளியே விடாமல் சுற்றை மூடித் திறக்க மட்டும் செய்யும் உலர் தொடுமுனை ரிலேயாகப் பார்த்து வாங்குங்கள்.