கல்லூரி உதவித்தொகை: அகரமா, ரிலையன்ஸா, ஹெச்டிஎஃப்சியா?

"எவ்வளவு தருவாங்க?" பிள்ளைக்கு ஸ்காலர்ஷிப் தேடும் பெற்றோர் முதலில் கேட்பது இதைத்தான். விண்ணப்பம் போட உதவும் நான் திருப்பிக் கேட்பது, "பிள்ளை எந்த வருஷம் படிக்குது?" பெரிய தொகை தரும் திட்டங்கள் பலவற்றுக்கு முதலாம் ஆண்டிலேயே போட்டாக வேண்டும். அது தெரியாமல் தவறவிட்ட பிள்ளைகளைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது.

ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன் முதலாம் ஆண்டு மாணவர்களில் ஆண்டுக்கு 5,000 பேர் வரை எடுக்கிறது. பட்டப்படிப்புக் காலம் முழுமைக்கும் சேர்த்து 2 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். எந்தப் பாடப்பிரிவும் சரி, ஆனால் முழுநேரப் படிப்பாக இருக்க வேண்டும். பிளஸ் டூவில் 60 சதவீதம் வேண்டும். குடும்ப வருமானம் 15 லட்சம் வரை விண்ணப்பிக்கலாம் என்றாலும் இரண்டரை லட்சத்துக்குக் கீழே உள்ளவர்களுக்கே முன்னுரிமை. பத்தாவதுக்குப் பிறகு டிப்ளமோ முடித்து வந்தவர்களுக்கு இது இல்லை. ஆன்லைன் திறனறித் தேர்வு கட்டாயம். தமிழ் மீடியம் பிள்ளைகள் தயங்குவது இங்கேதான். தர்க்கம், எண்கணக்குக் கேள்விகளை இரண்டு வாரம் போட்டுப் பழகினால் அந்தப் பயம் பாதி குறையும்.

அகரம் அறக்கட்டளையின் ‘விதை’ திட்டத்துக்கு இன்னும் முன்னதாக, பிளஸ் டூ முடிக்கும்போதே முயல வேண்டும். 2010 முதல் நடக்கும் இது, அரசுப் பள்ளியில் படித்த முதல் தலைமுறை மாணவர்களுக்கானது. பெற்றோரை இழந்தவர்களுக்கும் மிக ஏழைக் குடும்பங்களுக்கும் முன்னுரிமை உண்டு. தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து நிலைமையைப் பார்ப்பார்கள். கல்லூரியில் சேர வழிசெய்வதோடு, படிக்கும் காலம் முழுக்கப் பயிற்சியும் வழிகாட்டலும் தருகிறார்கள். வழிகாட்ட வீட்டில் ஆளில்லாத பிள்ளைக்கு 2 லட்சத்தைவிட இதுதான் பெரிது என்பேன்.

சரி, இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அப்பாவுக்கு வேலை போய்விட்டால்? அதற்கு ஹெச்டிஎஃப்சி வங்கியின் பரிவர்த்தன் திட்டம் இருக்கிறது. வருமான வரம்பு இரண்டரை லட்சம், முந்தைய தேர்வில் 55 சதவீதம். கடந்த 3 ஆண்டுகளுக்குள் குடும்பத்தில் இறப்பு, நோய், வேலையிழப்பு போன்ற நெருக்கடி வந்திருந்தால் முன்னுரிமை. பி.ஏ., பி.எஸ்சி., போன்றவற்றுக்கு 30,000, தொழிற்படிப்புக்கு 50,000 என்று அண்மை ஆண்டுகளில் கொடுத்தார்கள். தொகை சிறியதுதான். ஆனால் படிப்பை நிறுத்தலாமா என்று யோசிக்கும் பிள்ளைக்கு அந்த வருட ஃபீஸ் கட்டப் போதும். நெருக்கடிக்கான சான்றைக் கையோடு வைத்திருங்கள்.

எதற்குப் போட்டாலும் வருமானச் சான்றிதழ் வேண்டும். அட்மிஷன் நேரத்தில் இ-சேவை மையத்தில் கூட்டம் நெரியும், மே மாதமே வாங்கி வையுங்கள். இந்த மூன்றிலும் விண்ணப்பக் கட்டணம் கிடையாது. "ஆயிரம் ரூபாய் கொடு, வாங்கித் தருகிறேன்" என்று யாராவது போன் செய்தால் உடனே கட் பண்ணுங்கள்.