பக்கத்துக் காடுதானே என்று நம்பி 5,60,000 ரூபாயை விட்டுவிட்டோம். கொரங்காடு வாங்குகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

பக்கத்துக் காட்டை வாங்கித் தருகிறேன் என்று எங்களிடம் அட்வான்ஸ் வாங்கிய தரகன் நேற்று சாயங்காலம்தான் போனை எடுத்தான். "ஒப்பந்தத்துல போட்ட கெடு முடிஞ்சு போச்சுங்க்கா, இனி அட்வான்ஸ் கேக்கறதுக்கு உங்களுக்கு வழியே இல்லீங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. விடிந்தும் பட்டியைத் திறக்க மனசு வராமல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். போனது 5,60,000 ரூபாய். எங்களுக்கு அது நாலு வருட உழைப்பு.

நாங்கள் மூலனூர் பக்கம். நாலு ஏக்கர் கொரங்காடு, அறுபது செம்மறி, மூன்று காங்கேயம் மாடு. கொரங்காடு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், அது மேய்ச்சலுக்கென்றே விட்டிருக்கிற புஞ்சைக் காடு. தரையில் கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை முள் வேலி. வேலி அடைப்பாக இருந்தால் ஆட்டை உள்ளே விட்டுவிட்டு நாம் மற்ற வேலையைப் பார்க்கலாம், பின்னாலேயே அலைய வேண்டியதில்லை. ஐப்பசி கார்த்திகை மழைக்குப் புல் எழும், வெயில் காலத்தில் வெள்வேலங்காய் விழும், அதை வைத்து ஆடு உயிர் பிடிக்கும். ஆனால் ஒரே காட்டில் வருடம் முழுக்க மேய்த்தால் புல் விதை விட நேரமே கிடைக்காது, இரண்டு மூன்று வருடத்தில் தரை வெளுத்துவிடும். ஒன்றை மூடி வைத்து ஒன்றை மேய்க்க இரண்டு காடாவது வேண்டும். ஆடு பெருகப் பெருக எங்களுக்கு அந்தக் கவலைதான்.

எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் 1 ஏக்கர் 60 சென்ட். அதன் சொந்தக்காரப் பெரியவர் இறந்து எட்டு வருடம், அவர் வீட்டு அம்மாவும் பின்னாலேயே போய்விட்டார். மகனுக்கு, அவரை நாங்கள் அண்ணன் என்போம், திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. வருடக் குத்தகைக்கு ஆறு வருடமாக அந்தக் காட்டில் நாங்கள்தான் மேய்க்கிறோம். அதில் எத்தனை வெள்வேல மரம், எந்த மூலையில் மழைத்தண்ணீர் தேங்கும், வேலியில் எந்த இடத்தில் நரி நுழையும், எல்லாம் எனக்குத் தெரியும். காடு தெரிந்ததால் அதன் பத்திரமும் தெரிந்த மாதிரி ஒரு நினைப்பு வந்துவிட்டது. எங்களைக் கவிழ்த்தது அந்த நினைப்புதான், இன்றைக்கு நன்றாகப் புரிகிறது.

தை மாதம் ஒரு நாள் அந்தத் தரகன் வந்தான். பெயரைப் போடவில்லை, வக்கீல் வேண்டாம் என்றிருக்கிறார். டவுனில் போர்டு வைத்து நிலம் வாங்கி விற்கிற அலுவலகம், கூடவே பத்திரம் எழுதுகிற வேலை. முப்பத்தைந்து வயது இருக்கும், மரியாதையான பேச்சு. பட்டி வாசலில் உட்கார்ந்து மோர் குடித்தான். அன்றைக்குக் கழிச்சலில் ஒரு குட்டி சுருண்டு படுத்திருந்தது, அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "எங்க பட்டியிலயும் இப்படித்தானுங்க்கா, போன வருசம் ஏழு குட்டி போச்சு" என்றான். அந்த ஒரு நிமிஷத்தில் அவனை நம் ஆள் என்று நினைத்துவிட்டேன். இன்றைக்கு அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

அண்ணன் அந்தக் காட்டை விற்கிறார், ஏக்கர் 14 லட்சம், மொத்தம் 22,40,000 என்றான். "சோலார்காரங்க ரெண்டு நாள்ல டோக்கன் அட்வான்ஸ் போட வர்றாங்க, அவங்க கைக்குப் போச்சுன்னா கம்பி வேலி போட்டுருவாங்க, அப்புறம் உங்க ஆடு எங்க போகும்? பக்கத்துக் காட்டுக்காரங்களுக்குக் கிடைக்கட்டும்னுதான் முதல்ல உங்ககிட்ட வந்தேன்" என்றான். எங்கள் பக்கம் காற்றாலைக்கும் சோலாருக்கும் நிலம் கைமாறுவதைத் தினமும் பார்க்கிறோம், அதனால் அந்தப் பயம் உண்மையாகவே இருந்தது.

ஒரு கோப்பு கொடுத்தான். பட்டா, சிட்டா, அ பதிவேட்டு நகல், புல வரைபடம் என்று வருவாய்த்துறைக் காகிதங்கள், கூடவே அந்த நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டுகிற 30 வருட வில்லங்கச் சான்று. வில்லங்கத்தில் ஒரு வரி இல்லை, சுத்தம். பட்டா அந்த அண்ணன் பெயரில் மட்டும் இருந்தது. ஆன்லைனில் நாங்களே போட்டுப் பார்த்தோம், அதேதான் வந்தது. எங்க வீட்டுக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்தப் பெரியவருக்கு ஒரு பொண்ணு உண்டே, அவங்க கையெழுத்து?" அதற்கு அவன், "அவங்களைக் கட்டிக் குடுத்து இருபது வருசம் ஆச்சுங்க மாமா, சீரெல்லாம் செஞ்சாச்சு, அவங்களுக்கு இதுல என்ன இருக்குது" என்றான். நானும் தலையாட்டினேன். நானும் என் அப்பா நிலத்தில் ஒரு சென்ட் கேட்காமல் வந்தவள், எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். அந்தத் தலையாட்டலுக்கு விலை 5,60,000.

மொத்தத்தில் நாலில் ஒரு பங்கு அட்வான்ஸ், மீதி 45 நாளில். இருபது ஆட்டைக் கன்னிவாடிச் சந்தைக்கு ஓட்டி 1,80,000. நகையை அடகு வைத்து 2,80,000. மகள் படிப்புக்கென்று போட்ட சீட்டை எடுத்து 1,00,000. கூட்டிப் பாருங்கள், அதே 5,60,000.

அதில் 2,60,000-ஐத்தான் வங்கி வழியாகப் போட்டோம், அதுவும் அந்த அண்ணன் கணக்குக்கு இல்லை. "அண்ணன் கணக்கு லோன்ல மாட்டியிருக்குது, போட்டா பேங்க்காரன் புடிச்சுக்குவான், நம்ம ஆபீஸ் கணக்குக்குப் போடுங்க, நான் குடுத்தர்றேன்" என்றான். மீதி 3,00,000 ரொக்கம். "முழு விலைக்கும் பத்திரம் எழுதினா முத்திரைக் கட்டணம் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக ஒம்பது பர்சன்ட், ரெண்டு லட்சம் சும்மா போயிரும்க்கா, கைடுலைன் மதிப்புக்கு எழுதிக்கலாம்" என்று சொல்லி (அரசாங்கம் நிலத்துக்குப் போட்டு வைத்திருக்கிற மதிப்பு அது), ரொக்கத்தை ஒப்பந்தத்தில் காட்டவே இல்லை. வெற்றிலைபாக்குத் தட்டில் வைத்துக் கொடுத்தோம். ஒரு ரசீதும் கிடையாது. ஒப்பந்தத்தை ஏன் பதிவு செய்யவில்லை என்றால், "45 நாளுக்கு எதுக்குங்க வெட்டிச் செலவு" என்றான். அந்த அண்ணன் கையெழுத்துப் போட்டார், இவன் சாட்சி.

காட்டை இப்பவே உங்க அனுபவத்துக்கு எடுத்துக்குங்க என்று அவன் சொன்னதால் இரண்டு காட்டையும் சேர்க்க நடு வேலியில் கடவு (ஆடு போய்வர வழி) வைக்கலாம் என்று ஆள் விட்டுக் கிளுவையைப் பிரித்துக்கொண்டிருந்தோம். மாசி கடைசி. ஒரு ஸ்கூட்டியில் தன் மகனோடு அந்தப் பெரியவரின் பெண் வந்து இறங்கினார். "அம்மிணி, யாரைக் கேட்டு எங்கப்பன் காட்டு வேலியப் பிரிக்கறீங்க?" சத்தம் கூடப் போடவில்லை. எனக்குக் கை கால் ஓடவில்லை. அண்ணன் விற்கிற விஷயமே அவருக்குத் தெரியாது, பட்டாவைத் தன் பெயருக்கு மட்டும் மாற்றிக்கொண்டதும் தெரியாது. அந்த அக்கா மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன்.

மறுநாள் வக்கீலிடம் ஓடினோம். இறந்தவர் உயில் எழுதவில்லை என்றால் மகனுக்கு எவ்வளவோ அவ்வளவு மகளுக்கும், அது 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது என்றார். பூர்வீகச் சொத்தாக இருந்தாலும் தமிழ்நாட்டில் 1989-இலேயே பெண்ணுக்குப் பங்கு வந்துவிட்டது, 2005-இல் மத்தியச் சட்டமும் வந்தது, 2020-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. கல்யாணம், சீர் எல்லாம் கணக்கிலேயே வராது. பட்டா இருப்பதால் மட்டும் ஒருவர் முழுச் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். வில்லங்கத்தில் பதிவான பத்திரம் மட்டும்தான் தெரியும், எத்தனை வாரிசு என்று அது சொல்லாது. இதையெல்லாம் பணம் கொடுப்பதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டியது. அவருக்கு அன்றைக்குக் கொடுத்த ஃபீஸ் வெறும் 2,000 ரூபாய்.

அப்புறம் ஆரம்பித்தது அலைச்சல். முதல் வாரம், "பதறாதீங்க்கா, தங்கச்சிகிட்ட விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிரலாம்" என்றான், அதாவது தன் பங்கை அவர் விட்டுக்கொடுக்கிற பத்திரம். அடுத்த வாரம் சாவு வீட்டில் இருக்கிறேன் என்றான். அதற்கடுத்து அலுவலகத்துக்கே போனோம், அங்கே இருந்த பொண்ணு "சார் இடம் காட்டப் போயிருக்கார்" என்றது, மூன்று மணி நேரம் உட்கார்ந்தோம், அவன் வண்டி பின்பக்கம் நிழலில்தான் நின்றுகொண்டிருந்தது. வாட்ஸ்அப்பில் போட்டதற்கெல்லாம் ஒற்றை டிக்தான். அண்ணனைக் கேட்டால், "எனக்கு ஒரு லட்சம்தான் வந்துச்சு, மீதி அவன்கிட்ட கேளுங்க" என்கிறார். அவனைக் கேட்டால் அண்ணனைக் காட்டுகிறான். இழுத்தடித்து 45 நாளை அவனே ஓட்டிவிட்டு, கடைசியில் "நீங்கதான் கெடுவுக்குள்ள மீதிப் பணம் கட்டலை" என்று எங்கள் மேலேயே திருப்புகிறான்! புகார் கொடுக்கப் போன இடத்தில் முதல் பேச்சே "இது சிவில்ங்க, கோர்ட்டுக்குப் போங்க". கையில் இருக்கிற காகிதத்தில் 2,60,000-தான் இருக்கிறது. அந்த 3,00,000 கொடுத்ததற்கு நாங்கள் இருவர் மட்டுமே சாட்சி.

வாங்கும்போது கவனிக்க வேண்டியதை வரிசையாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், மனசு ஒரு நிலையில் இல்லை. தோன்றுவதை மட்டும் சொல்கிறேன். கிரைய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள், தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் அதைப் பதிவு செய்தே ஆக வேண்டும். தாய்ப்பத்திரமும் (நிலம் முதலில் கைக்கு வந்த மூலப் பத்திரம்) வாரிசுச் சான்றும் பாருங்கள், பெண் வாரிசுகளை நேரில் போய்ப் பாருங்கள், தரகன் சொல்வதைக் கேட்காதீர்கள். நில விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கவே கூடாது என்று வருமான வரிச் சட்டம் இருக்கிறது, ரொக்கம் கேட்டாலே எழுந்து வந்துவிடுங்கள். பணம் நிலத்துக்காரர் கணக்குக்கு மட்டும். வக்கீலை முதலில் பாருங்கள், எங்களை மாதிரிக் கடைசியில் போகாதீர்கள்.

பிரித்த வேலியை நேற்று முந்தாநாள் நாங்களே முள் வெட்டிப் போட்டு அடைத்துக் கொடுத்துவிட்டோம். அந்த அக்கா வந்து நின்று பார்த்துவிட்டு, "உம் பணத்துக்கு நான் சாட்சி சொல்ல வர்றேன் அம்மிணி" என்று சொல்லிவிட்டுப் போனார். திங்கட்கிழமை எஸ்.பி. ஆபீசில் மனு கொடுக்கப் போகிறோம். தாராபுரம், வெள்ளகோவில், மூலனூர் சுற்று வட்டாரத்தில் இதே மாதிரி ஆபீஸ் கணக்குக்கு அட்வான்ஸ் போட்டு ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் தனியாக ஒரு மெசேஜ் போடுங்கள், சேர்ந்து போகலாம்.