உருட்டு மரமா, அறுத்த மரமா: சீனச் சந்தையில் நியூசிலாந்தும் ரஷ்யாவும்

சீனாவுக்கு மென்மரம் (பைன் போன்ற ஊசியிலை மரம்) விற்பதில் நியூசிலாந்தும் ரஷ்யாவும் நேரெதிரான வழிகளில் செல்கின்றன. நியூசிலாந்து, ஏறத்தாழ 28 ஆண்டுகளில் வெட்டுக்கு வரும் ரேடியேட்டா பைனில் பாதிக்கும் மேற்பட்டதை அறுக்காமல் உருட்டு மரமாகவே கப்பலேற்றுகிறது. ரஷ்யாவோ 2022 ஜனவரி 1 முதல் ஊசியிலை உருட்டு மரங்களின் ஏற்றுமதிக்குத் தடை விதித்து, சைபீரியாவிலேயே அறுத்த பலகைகளை ரயிலில் அனுப்புகிறது.

உருட்டு மரத்துக்கு ஆலை முதலீடு தேவையில்லை. விலை சரிந்தால் தோட்டக்காரர் வெட்டுவதை நிறுத்திவிடலாம், நிற்கும் மரம் வளர்ந்துகொண்டுதான் இருக்கும். வெட்டிய பிறகு அந்த நிதானம் கிடையாது. நியூசிலாந்தின் டவுரங்கா துறைமுகத்தில் வெட்டுமுகத்தில் பார்கோடு சீட்டுடன் அடுக்கப்படும் மரங்கள், கோடையில் கப்பல் தாமதமானால், நீலக்கறைப் பூஞ்சை படர்ந்து தரம் இழக்கின்றன. இதைவிடப் பெரிய கவலை, ஒரே வாங்குபவரை நம்பியிருப்பதுதான்: சீனாவில் இந்த மரத்தில் கணிசமான பகுதி கான்கிரீட் வார்ப்புப் பலகையாகவே பயன்படுவதால், 2021க்குப் பின் சீனக் கட்டுமானத் துறை தளர்ந்தபோது அதன் அடி நேராக நியூசிலாந்துத் தோட்டங்களில் விழுந்தது.

அறுத்து உலர்த்திய பலகை எடை குறைவு, கழிவுக்குச் சரக்குக் கட்டணம் இல்லை, அறுவைக் கூலியும் உள்ளூரிலேயே தங்குகிறது. ஆனால் கடனில் எழுப்பிய ஆலையை மரத்தைப் போலக் காத்திருக்க வைக்க முடியாது. 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய மரத்துக்குக் கதவடைத்ததும், ரஷ்ய ஆலைகளும் சீனாவையே மேலும் சார்ந்தன. ஆகவே அறுப்பதே மேலான வழி என்று நான் கருதினாலும், வாங்க இரண்டு மூன்று நாடுகளாவது இருந்தால்தான் அந்த மேன்மை கைக்கு வரும்.