வெயிலில் விழுந்த அப்பாவுக்கு ஒரு ஹார்ட் செக்கப்: ஈரோட்டு அனுபவம்

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். ஒன்று எக்கோ (இதயத்துக்கு எடுக்கும் ஸ்கேன்) எடுத்த பெண்ணுக்கு, ஒன்று கடைசியில் பார்த்த டாக்டருக்கு, இன்னொன்று இட்லிக்கு. இடத்தின் பெயரைப் போடவில்லை. ஈரோட்டில் இப்படி நாலைந்து இருக்கின்றன, பேக்கேஜும் கிட்டத்தட்ட ஒன்றேதான்.

ஏன் போனோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா சென்ட்ரிங் மேஸ்திரி, வயது 58. போன வருஷம் கத்திரி வெயிலில் ஒரு வீட்டுக்கு ரூஃப் கான்கிரீட் போட்ட நாள், கலவை மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டால் நடுவில் நிறுத்த முடியாது என்று காலை டீயோடு நின்றவர், இரண்டு மணிவாக்கில் சம்பந்தமில்லாமல் எதையோ பேச ஆரம்பித்து அப்படியே சரிந்துவிட்டார். கூட இருந்தவர்கள் சோடா வாங்க ஓடினார்கள் (நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, புரையேறிவிடும்). நல்லவேளையாக ஒரு பையன் கலவைக்கு வைத்திருந்த தண்ணீர்க் குழாயை இழுத்துவந்து தலையிலிருந்து கால்வரை அடித்தான். அவர் பிழைத்ததற்கு அந்தப் பையன்தான் காரணம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அப்படியும் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தபோது உடல்சூடு 105 டிகிரிக்கு மேல். மூன்று நாள் ஐசியு. சிறுநீரகம் அடிபட்டால் ரத்தத்தில் கூடும் கிரியாட்டினின் ஏறி இறங்கியது, இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கூடும் டிரோபோனினும் கொஞ்சம் ஏறியிருந்தது. எட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். டிஸ்சார்ஜ் தாளில் அறிவுரை இரண்டே வரி: தண்ணீர் நிறையக் குடிக்கவும், வெயிலில் அலைய வேண்டாம். மேஸ்திரிக்கு!

அதோடு முடிந்தது என்றுதான் நாங்களும் நினைத்தோம். ஆனால் இந்த வருஷம் மாடிப்படி ஏறினால் பாதியில் நிற்கிறார், கேட்டால் "ஒண்ணுமில்லடா சாமி, வயசாச்சில்ல" என்கிறார், ராத்திரி சில சமயம் நெஞ்சு படபடங்குது என்று எழுந்து உட்காருகிறார். எனக்குத் தூக்கம் போய்விட்டது, உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

வெயில் தாக்கும்போது உடம்பு சூட்டை வெளியே தள்ள ரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது. வியர்வையில் தண்ணீர் போய்க்கொண்டே இருப்பதால் ரத்தம் குறைகிறது. குறைந்த ரத்தத்தை வைத்துக்கொண்டு இதயம் இரண்டு மடங்கு ஓட வேண்டியிருக்கிறது. குடலுக்கு ரத்தம் போதாமல் அதன் சுவர் கசிந்து கிருமிகளின் நச்சு ரத்தத்தில் கலக்கிறது, உடம்பு முழுக்க அழற்சி, ரத்தக் குழாய்களின் உள்பக்கம் புண்ணாகிறது, சின்னச் சின்னதாய் ரத்தக் கட்டிகள். சூடு இறங்கிய நாளோடு இதெல்லாம் துடைத்துவிட்ட மாதிரி போய்விடாது. அமெரிக்க ராணுவத்தில் வெப்பத்தால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களை, குடல்வால் அழற்சிக்காகச் சேர்ந்தவர்களோடு ஒப்பிட்டு 2007-ல் ஓர் ஆய்வு வந்தது; பிற்காலத்தில் இறக்கும் ஆபத்து முதல் கூட்டத்துக்கு சுமார் 40 சதவீதம் அதிகமாக இருந்தது, ஆண்களில் இதய நோய்ச் சாவும் கூடுதல். தைவானில் 14 வருஷக் கணக்கைப் பார்த்தவர்கள் 2019-ல் இதயம், சிறுநீரகம் இரண்டிலும் இதே போக்கைத்தான் சொன்னார்கள். என்னை அதிகம் பயமுறுத்தியது புளோரிடா பல்கலைக்கழகத்தின் எலி ஆய்வு: வெப்பத்தில் ஓடி விழுந்த எலிகள் பார்க்க நன்றாகத் தேறிவிட்டன, ஆனால் இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் இதயத் தசை கொழுப்பை எரிபொருளாகப் பயன்படுத்தும் விதமே மாறிப்போயிருந்தது. எலிதான், மனிதன் இல்லை. இருந்தாலும்.

சரி, பேக்கேஜுக்கு வருகிறேன். ரூ.3,500. சர்க்கரை, கொழுப்பு, கிரியாட்டினின், இசிஜி, எக்கோ, டிரெட்மில், டாக்டர் ஆலோசனை, காலை டிபன் டோக்கன். வெறும் வயிற்றோடு ஏழு மணிக்கு வரச்சொன்னார்கள், ரத்தம் எடுக்கும்போது எட்டு நாற்பது. வரவேற்பில் ஒரு படிவம் கொடுத்தார்கள். சிகரெட் உண்டா, குடி உண்டா, சுகர், பிரஷர், குடும்பத்தில் யாருக்காவது மாரடைப்பு, எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. வெயில் தாக்கி ஐசியுவில் இருந்தீர்களா என்று கேட்க ஒரு கட்டம் இல்லை. 2024-ல் தமிழ்நாடு அரசே வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்துவிட்டது, ஈரோட்டு வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, இந்த ஊரில் இதயத்துக்கென்று காசு வாங்கும் இடத்தில் அந்த ஒரு கேள்வி இல்லை. படிவத்தின் அடியில் பேனாவால் எழுதிக் கொடுத்தேன். கம்ப்யூட்டரில் ஏற்றிய பெண் கட்டங்களை மட்டும் ஏற்றிவிட்டு தாளைக் கோப்பில் செருகிவிட்டார்.

எக்கோ எடுத்த பெண் தங்கம். அப்பா கூச்சப்படுவார் என்று தெரிந்து ஜெல் சில்லென்று இருக்கும் என முன்கூட்டியே சொல்லி, அவசரமில்லாமல் எடுத்தார். பம்பிங் 60 சதவீதம், நார்மல். டிரெட்மில் ஒரு கூத்து. அப்பா வேட்டியில் வந்திருந்தார், பேண்ட் வேண்டும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. யாருடையதோ ஒரு பைஜாமாவைக் கொடுத்தார்கள், நாடா நிற்கவில்லை. ஒரு கையில் கம்பியையும் மறு கையில் நாடாவையும் பிடித்துக்கொண்டு, நெஞ்சு முழுக்க ஒயரோடு நடந்தார். ஏழாவது நிமிஷம் பிரஷர் 210-ஐத் தொட்டது, நிறுத்திவிட்டார்கள்.

டாக்டர் முதலில் ரிப்போர்ட்டைத்தான் புரட்டினார். எக்கோ நார்மல், இசிஜி நார்மல், பிரஷர் மட்டும் கொஞ்சம், உப்பைக் குறையுங்கள் என்று நாலு நிமிஷத்தில் முடிக்கப் பார்த்தார். நான் பழைய டிஸ்சார்ஜ் தாளை மேஜையில் வைத்தேன். அவர் முகம் மாறியதைச் சொல்ல வேண்டும், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். படபடப்பு எப்போது வருகிறது, கால் வீங்குகிறதா, அதற்குப் பிறகு வெயில் முன்பைவிடத் தாங்க முடியவில்லையா. "அப்படித்தானுங்க மேடம், முன்ன மாதிரி நிக்க முடியறதில்லைங்க" என்றார் அப்பா. என்னிடம் ஒரு வருஷமாகச் சொல்லாததை அவரிடம் சொன்னார்.

பேக்கேஜில் இல்லாத இரண்டை எழுதிக்கொடுத்தார்: சிறுநீரில் புரதம் போகிறதா என்ற பரிசோதனை, படபடப்புக்காக 24 மணி நேர ஹோல்டர் (உடம்பில் மாட்டிக்கொண்டே இதயத் துடிப்பைப் பதியும் சின்ன மெஷின்). இரண்டுக்கும் தனிக் காசு, அது எனக்குக் கடுப்புதான். அப்புறம் வீட்டில் ஒரு வாரம் பிரஷர் பார்த்து எழுதிவரச் சொன்னார். எழுதிப்போனோம், 150-க்குக் கீழே பெரும்பாலும் இறங்கவே இல்லை. மாத்திரை எழுதும்போது, நீர் பிரியச் செய்யும் வகையைத் தவிர்க்கிறேன், இவர் வெயிலில் நிற்பவர், இருக்கிற தண்ணீரையும் அது இறக்கிவிடும் என்றார். 3,500 ரூபாய்க்கு உண்மையில் நான் வாங்கியது இந்த ஒரு வாக்கியத்தைத்தான். இந்த பிரஷர் வெயிலால் வந்ததா, முன்பே இருந்ததா என்று கேட்டேன். விழுவதற்கு முன் ஒருநாளாவது அளந்திருந்தால் சொல்லலாம் என்றார். அளக்கவில்லை.

போவதாக இருந்தால் திங்கள், சனி வேண்டாம், கூட்டம். ஆண்கள் பேண்ட்டோ டிராக்கோ கொண்டுபோங்கள். வெயில் தாக்கிச் சேர்ந்த வரலாறு இருந்தால் டிஸ்சார்ஜ் தாளை டாக்டர் கையிலேயே கொடுங்கள், கவுன்டரில் வேண்டாம். டிபன் டோக்கனுக்கு மூன்று இட்லி, சட்னி நன்றாகவே இருந்தது. அடுத்த நாள் கருத்துக் கேட்டு போன் வந்தது, படிவத்தில் ஒரு கட்டம் சேருங்கள் என்று சொன்னேன். "சரிங்க சார், சுத்தம் எப்படி இருந்துச்சு, ஒண்ணுலருந்து அஞ்சு வரைக்கும் சொல்லுங்க" என்றார்கள்.