பழைய பெட்டியா, மெய்நிகர் இயந்திரமா, டாஸ் எமுலேட்டரா?

அரிசி மண்டி ஒன்றில் ஓடும் பில்லிங் புரோகிராம். எழுத்துத் திரையில் ஓடிய பழைய டாஸ் இயங்குதளத்தின் காலத்து ஃபாக்ஸ்புரோ 2.6-இல் எழுதியது. எழுதிக் கொடுத்தவர் இந்தத் தொழிலை விட்டே போய்விட்டார். சோர்ஸ் கோடு யாரிடமும் இல்லை. இருப்பது புரோகிராமை ஓட்டும் ஒரு இஎக்ஸ்இ கோப்பும் இருபது வருடக் கணக்கைச் சுமக்கும் டிபிஎஃப் தரவுக் கோப்புகளும்தான். பென்டியம் 4 பெட்டி, விண்டோஸ் எக்ஸ்பி. ஒரு திங்கட்கிழமை காலை அது பாதி பூட் ஆகி அப்படியே நின்றுவிட்டது. போன் செய்த அண்ணாச்சி சொன்னார்: "தம்பி, புதுசு வாங்கணும்னா வாங்கிடுறேன். ஆனா இதே பில்லு வரணும். லோடு ஏத்தி நிக்கிற லாரிக்கு நான் என்ன பதில் சொல்ல?"

இந்த மாதிரி நேரத்தில் நம் முன்னால் மூன்று வழிகள். பழைய பெட்டியையே பழுது பார்த்து ஓட்டலாம். எக்ஸ்பியை அப்படியே தூக்கிப் புதுக் கணினியில் மெய்நிகர் இயந்திரமாக, அதாவது கணினிக்குள் மென்பொருளால் ஓடும் இன்னொரு கணினியாக, ஏற்றலாம். அல்லது விண்டோஸை விட்டுவிட்டு, டாஸ் புரோகிராமை மட்டும், டாஸ் போலவே நடிக்கும் எமுலேட்டர் மென்பொருளில் ஓட்டலாம். எது நல்லது என்று கேட்பவர்களிடம் நான் ஒன்றுதான் சொல்வேன்: பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். அங்கே செருகியிருக்கும் கேபிள்கள்தான் முடிவு செய்யும். புரோகிராம் எந்த மொழியில் எழுதியது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

எந்த வழியில் போனாலும் முதல் வேலை ஒன்றுதான். பழைய ஹார்டுடிஸ்க்கைக் கழற்றி, லினக்ஸ் கணினியில் மாட்டி, முழு டிஸ்க்கையும் அப்படியே ஒரே கோப்பாக நகலெடுத்து (இமேஜ்) வைத்துவிடுங்கள். நான் ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறேன். முதல் சுற்றில் நன்றாக இருக்கும் பகுதிகளை எடுத்துக்கொண்டு, கெட்டுப்போன செக்டர்களைக் கடைசிக்குத் தள்ளிவைக்கும். எதுவரை படித்தது என்பதை ஒரு மேப் கோப்பில் குறித்துவைப்பதால், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சாகக் கிடக்கும் டிஸ்க்கில் விண்டோஸின் டிஸ்க் பிழைதிருத்தியான செக்டிஸ்க் ஓட்டுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். மிச்சமிருக்கும் உயிரையும் அது எடுத்துவிடும்.

பழைய பெட்டியையே காப்பாற்றுவது

பலரும் இதை முதலிலேயே தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பின்பக்கத்தில் பேரலல் போர்ட்டில் (பழைய பிரிண்டர் செருகும் இடம்) டாங்கிள், அதாவது புரோகிராமைத் திறக்கும் சாவி போன்ற சின்னக் கருவி, தொங்கினாலோ, உள்ளே பழைய வகை ஐஎஸ்ஏ ஸ்லாட்டில் ஏதாவது கார்டு இருந்தாலோ, இதைவிட நம்பகமான வழி கிடையாது. பழைய டாங்கிள் பலவும் போர்ட்டின் முகவரியை நேரடியாகத் தொட்டுப் பேசுபவை. கடையில் கிடைக்கும் யுஎஸ்பி–பேரலல் கேபிள் பிரிண்டருக்கு மட்டும்தான் ஆகும், டாங்கிளுக்கு ஆகாது.

பெட்டி தரும் தொல்லைகளில் பாதி சின்ன விஷயங்கள். போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்தால், பூட் ஆகும் முன் கணினியைத் தயார்செய்யும் பயாஸின் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடும். எஃப்1 அழுத்தி உள்ளே போய் வழக்கம்போல் பில் போடுவார்கள். டாஸ் புரோகிராம் அந்தத் தேதியை நம்பி, பில்லைப் பழைய நிதியாண்டில் பதிந்துவிடும். வருடக் கடைசியில் ஆடிட்டர் கேட்கும்போதுதான் தெரியும். கொஞ்சம் பிந்தைய போர்டுகளில் செல் தீர்வதால் இன்னொரு வம்பும் உண்டு. டிஸ்க்கோடு பேசும் சாட்டா அமைப்பு, பழைய ஐடிஇ முறையிலிருந்து புதிய ஏஎச்சிஐ முறைக்கு மாறிவிடும். எக்ஸ்பியிடம் ஏஎச்சிஐ டிரைவர் கிடையாது என்பதால் நீலத் திரையில் ஸ்டாப் 7பி வந்து நிற்கும். விண்டோஸ் கெட்டுவிட்டது என்று ஃபார்மேட் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பயாஸில் மறுபடி ஐடிஇ என்று வைத்திருந்தால் போதும்.

பெட்டி ரொம்ப மெதுவாகிவிட்டது என்றால் உடனே வைரஸ் என்று சொல்லிவிடுகிறோம். டிவைஸ் மேனேஜரில் பிரைமரி ஐடிஇ சேனலைத் திறந்து பாருங்கள். ஐடிஇ கேபிள் நைந்துபோய்ப் பிழைகள் ஆறு முறை சேர்ந்தால், எக்ஸ்பி வேகத்தை ஒவ்வொரு படியாகக் குறைத்துக் கடைசியில் பிஐஓ என்ற மிக மெதுவான முறைக்குத் தள்ளிவிடும். கேபிளை மாற்றினாலும் தானாகத் திரும்பாது. அந்தச் சேனலை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்தால் பழைய வேகம் வந்துவிடும். இருபது நிமிடம் பூட் ஆன கணினி இரண்டு நிமிடத்தில் எழுந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான்.

டிஸ்க்கை மாற்றுவதென்றால், ஐடிஇ–சாட்டா அடாப்டர் போட்டு ஒரு சிறிய எஸ்எஸ்டி மாட்டலாம். பார்ட்டிஷனை எக்ஸ்பியில் போடாமல் வேறு கணினியில் 1 எம்பி எல்லையில் தொடங்கும்படி போடுங்கள். எக்ஸ்பி 63-ஆவது செக்டரில் தொடங்கும், எஸ்எஸ்டிக்கு அது ஒத்துவராது. அழித்த இடம் எது என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் டிரிம் வசதியும் எக்ஸ்பியில் இல்லை. அதனால் கால்வாசி இடத்தைக் காலியாகவே விட்டுவிடுவது என் வழக்கம்.

போர்டில் கப்பாசிட்டர் தலை உப்பியிருந்தால் கதை வேறு. 2000-ஐ ஒட்டி வந்த போர்டுகளில் இது பரவலான நோய். லோ இஎஸ்ஆர் வகையில் அதே வோல்ட்டேஜ், அதே மைக்ரோஃபாரட் வாங்கி மாற்றத் தெரிந்த கை வேண்டும். பக்கத்தில் அப்படி ஆள் இல்லையென்றால் இந்த வழிக்கு ஆயுள் குறைவு.

மெய்நிகர் இயந்திரம்

பின்பக்கத்தில் பிரிண்டரும் நெட்வொர்க் கேபிளும் மட்டும் இருக்கிறது, ஆனால் புரோகிராம் விண்டோஸுக்காக எழுதியது. விபி6-இலோ விஷுவல் ஃபாக்ஸ்புரோவிலோ எழுதியது, இல்லையென்றால் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர். இங்கே மெய்நிகர் இயந்திரத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. அழைப்பிதழ் அடிக்கும் அச்சகங்களில் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம். பழைய தமிழ் எழுத்துருக்கள் யூனிகோடுக்கு முந்தைய 8 பிட் குறியீட்டில் இருப்பவை. எழுத்துரு, விசைப்பலகை மென்பொருள், பேஜ்மேக்கர் மூன்றும் ஒரே இடத்தில் இருந்தால்தான் பழைய மேட்டரைத் திறந்து திருத்த முடியும். எக்ஸ்பியோடு சேர்த்துத் தூக்குவதுதான் அதற்குச் சுலபம்.

பெட்டி இன்னும் உயிரோடு இருந்தால், டிஸ்க்2விஎச்டி என்ற கருவி கொண்டு, ஓடும்போதே விஎச்டி என்ற மெய்நிகர் டிஸ்க் கோப்பாக எடுக்கலாம். டிடிரெஸ்க்யூ இமேஜையும் மாற்றிப் பயன்படுத்தலாம். முதல் தடவை எழுப்பும்போது இங்கும் ஸ்டாப் 7பி வர வாய்ப்பு அதிகம். பழைய போர்டின் ஐடிஇ டிரைவரை மட்டுமே எக்ஸ்பிக்குத் தெரியும் என்பதுதான் காரணம். பொதுவான ஐடிஇ டிரைவர்களை, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் முன்கூட்டியே சேர்த்துவிட்டு இமேஜ் எடுத்தால் பிரச்சினை வராது. அப்புறம் ஆக்டிவேஷன். வன்பொருள் மொத்தமும் மாறிவிட்டதாக எக்ஸ்பி நினைக்கும். பெட்டியோடு வந்த ஓஇஎம் உரிமம் அந்தப் பெட்டிக்கே உரியது. இதை வாடிக்கையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஸ்னாப்ஷாட், அதாவது இயந்திரத்தின் அப்போதைய நிலையைச் சேமித்துவைப்பது, இந்த வழியின் பெரிய வசதி, பெரிய ஆபத்தும் அதுவே. ஏதோ கெட்டுப்போய்ப் போன வாரத்து ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால், இந்த வாரத்துப் பில்கள் எல்லாம் மறைந்துவிடும். மெய்நிகர் இயந்திரத்தை ஓட்டும் மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸில் தரவுக்கு என்று தனியாக ஒரு டிஸ்க் உருவாக்கி, அதை ரைட்த்ரூ வகையாக வையுங்கள். ஸ்னாப்ஷாட் அதைத் தொடாது.

எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-உடன் முடிந்தது. ஆகவே அதற்கு இணையம் வேண்டாம், தன்னைத் தாங்கும் கணினியோடு மட்டும் பேசும் ஹோஸ்ட்-ஒன்லி நெட்வொர்க் போதும். பழைய பெட்டியை நெட்வொர்க்கில் விட்டால் என்ன ஆகும் என்று 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் காட்டியது. அது புகுந்த வாசல் எஸ்எம்பி1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறை. எக்ஸ்பிக்குத் தெரிந்தது அந்த ஒன்றுதான். விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து எஸ்எம்பி1 தானாக நிறுவப்படுவதும் இல்லை. பழைய பெட்டியும் புதுக் கணினியும் ஒன்றின் ஃபோல்டரை மற்றொன்று பார்க்க மறுத்தால் காரணம் பெரும்பாலும் இதுவே. அதற்காக எஸ்எம்பி1-ஐத் திறந்துவிடாதீர்கள்.

எடை மேடை அல்லது தராசிலிருந்து சீரியல் கேபிள் வருகிறதா? பயப்பட வேண்டாம். நல்ல யுஎஸ்பி–சீரியல் அடாப்டர் மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஒழுங்காக வேலை செய்கிறது. ஆனால் பழைய புரோகிராம்கள் சீரியல் போர்ட்டுகளில் காம்1 முதல் காம்4 வரைதான் கேட்கும், அடாப்டரோ காம்7 என்று போய் உட்கார்ந்திருக்கும். டிவைஸ் மேனேஜரில் எண்ணை மாற்றிவிடுங்கள்.

டாஸ் எமுலேட்டர்

சுத்தமான டாஸ் புரோகிராம், டாங்கிள் இல்லை. அப்படியானால் எக்ஸ்பியையும் சேர்த்துச் சுமப்பது வீண். 64 பிட் விண்டோஸ் 16 பிட் புரோகிராமை ஓட்டாது. 32 பிட் விண்டோஸ் 10-இல் அந்த வசதி உண்டு, ஆனால் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது, 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. ஆகவே எமுலேட்டர்தான்.

இங்கே எல்லோரும் டாஸ்பாக்ஸ் என்ற எமுலேட்டரைப் பரிந்துரைக்கிறார்கள். கடைக்கு நான் அதைத் தரமாட்டேன். அது விளையாட்டுகளுக்காக எழுதியது. பிரிண்டரும், ஒருவர் திருத்தும்போது இன்னொருவரைத் தடுக்கும் ஃபைல் லாக்கிங்கும் அதன் நோக்கத்திலேயே இல்லை. இரண்டு கவுன்டர்களிலிருந்து ஒரே டிபிஎஃப் கோப்பில் எழுதினால் இன்டெக்ஸ் குழம்பிப் போகும். அதன் வழிவந்த விடாஸ் அலுவலகப் புரோகிராம்களை மனதில் வைத்தே செய்யப்பட்டது. டாஸின் பிரிண்டர் போர்ட்டான எல்பிடி1-க்குப் போகும் எழுத்தை விண்டோஸ் பிரிண்டருக்குத் திருப்பும், லாக்கிங்கும் உண்டு. டாஸ்பாக்ஸ்-எக்ஸிலும் இவை இருக்கின்றன, ஆனால் அமைப்புக் கோப்பு நீளமானது. நான் விடாஸ் பக்கம்.

லாக்கிங்கை வார்த்தையால் நம்பாதீர்கள். இரண்டு கணினியிலும் ஒரே பார்ட்டியின் கணக்கைத் திருத்தத் திறந்து பாருங்கள். இரண்டாவதில் 'வேறொருவர் பயன்படுத்துகிறார்' என்ற மாதிரி செய்தி வரவேண்டும். வராமல் திறந்துகொண்டால் அந்த அமைப்பை விட்டுவிடுங்கள். ஃபாக்ஸ்புரோ போதுமான ஃபைல் ஹேண்டில் இல்லை என்று சொன்னால், ஒரே நேரத்தில் எத்தனை கோப்பு திறக்கலாம் என்று சொல்லும் ஃபைல்ஸ் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். எக்ஸ்பியில் அது சிஸ்டம்32-க்குள் இருக்கும் கான்ஃபிக் டாட் என்டி கோப்பில் இருந்தது, எமுலேட்டரில் அதன் சொந்த அமைப்புக் கோப்பில் இருக்கும்.

இந்த வழியில் எனக்குப் பிடித்தது பேக்கப். மொத்தப் புரோகிராமும் ஒரே ஃபோல்டர். இரவு கடை மூடும்போது பென்டிரைவில் போட்டால் முடிந்தது.

புரோகிராமையே புதிதாக எழுதினால் என்ன என்றும் கேட்பீர்கள். எழுதலாம். லிப்ரேஆபிஸ் கால்க்கே டிபிஎஃப் கோப்பைத் திறந்துவிடும், தரவு எங்கும் சிறைப்பட்டுக் கிடக்கவில்லை. ஆனால் லாரி வாசலில் நிற்கும்போது தொடங்கும் வேலை அது இல்லை.

மண்டியில் என்ன செய்தோம்

பின்பக்கத்தில் டாங்கிள் இல்லை, சீரியல் கேபிளும் இல்லை. ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், ஒரு நெட்வொர்க் கேபிள், அவ்வளவுதான். எமுலேட்டர் என்று முடிவெடுக்க ஐந்து நிமிடம் ஆனது. இமேஜ் எடுக்க ஒரு இரவு. கஷ்டம் கொடுத்தது பில் தாள்.

அண்ணாச்சியின் பில் 6 அங்குலத் தொடர் தாள். முதல் பில் அச்சாகி முடிந்ததும் தாள் 12 அங்குலம் ஓடி, ஒரு வெள்ளைத் தாளையும் சேர்த்து வெளியே தள்ளியது. காரணம், இடையில் விண்டோஸ் டிரைவர் புகுந்து தன் கணக்கில் பக்கத்தை முடித்தது. அந்த டாஸ் புரோகிராமோ ஒவ்வொரு பில்லின் தொடக்கத்திலும் தாளின் நீளத்தைச் சொல்லும் எஸ்கேப் குறியைத் தானே அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. வழியில் அது விழுங்கப்பட்டுவிட்டது. எல்பிடி1 வெளியீட்டை டிரைவர் தொடாமல் அப்படியே பிரிண்டருக்குப் போகும்படி மாற்றினேன். அடுத்த பில் முடிந்ததும் கிழிக்கும் துளை வரிசை பிரிண்டரின் விளிம்பில் வந்து சரியாக நின்றது. அண்ணாச்சி கிழித்துப் பார்த்தார், கார்பன் காப்பியையும் பார்த்தார், லாரிக்காரரிடம் நீட்டினார்.

பழைய பெட்டியை வீசவில்லை. புது செல், புது ஐடிஇ கேபிள், சிறிய எஸ்எஸ்டி போட்டு அதே இமேஜை ஏற்றி வைத்திருக்கிறோம். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை கடைப்பையன் அதை ஆன் செய்து, பென்டிரைவில் இருக்கும் ஃபோல்டரை ஏற்றி, ஒரு பில் அடித்துப் பார்த்து மூடிவைக்கிறான்.