டிரையருக்கு மூணு பின்னா, நாலு பின்னா?

அமெரிக்காவில் பழைய வீட்டுக்குக் குடிபோகிற பலர் இந்தச் சிக்கலில் மாட்டுவார்கள். சுவரில் மூன்று ஓட்டை, துணி காய வைக்கும் புது டிரையரின் பின்னால் தொங்குவதோ நாலு பின்.

மூணு பின்னில் கரண்ட் வரும் லைன் இரண்டு, அது திரும்பிப் போகும் நியூட்ரல் ஒன்று, அவ்வளவுதான். எர்த்துக்குத் தனி வயர் கிடையாது, டிரையரின் வெளி உலோகப் பாடியை உள்ளே ஒரு சின்னத் தகடு வைத்து நியூட்ரலோடேயே சேர்த்திருப்பார்கள். ஹீட்டருக்கு 240 வோல்ட் என்றாலும் மோட்டாரும் விளக்கும் 120-இல் ஓடுவதால் நியூட்ரலில் கரண்ட் போய்க்கொண்டுதான் இருக்கும். அந்த நியூட்ரல் ஸ்க்ரூ லூசாகி வயர் கழன்றுவிட்டால், மோட்டார் வழியாக வந்த கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல் அந்தத் தகடு வழியே பாடிக்கு வந்துவிடும். மிஷின் நின்றுபோகும், ஆனால் பிரேக்கர் விழாது. என்ன ஆச்சு என்று ஈரக் கையோடு கதவைத் திறக்கப் போனால் ஷாக்தான்.

நாலு பின்னில் எர்த் தனி, நியூட்ரல் கழன்றாலும் பாடிக்கு ஒன்றும் ஆகாது. புதிதாக இழுக்கும் வயரிங்குக்கு 1996 முதல் அமெரிக்கத் தேசிய மின் விதி இதைத்தான் கேட்கிறது. பழைய வயரிங் ஒழுங்காக இருந்தால் அப்படியே விடலாம். நாலு பின் மாட்டும்போது அந்தத் தகட்டைக் கழற்ற மறக்கக் கூடாது, மூணு பின் மாட்டினால் அது இருந்தே ஆக வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

என்னைக் கேட்டால் நாலு பின்தான். ஆனால் சுவரை உடைக்க முடியாதென்றால், டிரையரில் மூணு பின் பவர் கார்டு மாட்டிக்கொள்வது தப்பில்லை. தப்பு எதுவென்றால், பழைய மூணு வயரிலேயே நாலு ஓட்டைப் பாயிண்டைப் பொருத்தி, உள்ளே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவது. ஆபத்து அப்படியே இருக்கும், வெளியே பார்த்தால் மட்டும் தெரியாது.

செலவுக்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். பிரேக்கரை ஆஃப் செய்து, மல்டிமீட்டரில் கரண்ட் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பாயிண்டைக் கழற்றி உள்ளே எத்தனை வயர் என்று எண்ணிப் பாருங்கள். சில வீடுகளில் நாலாவது வயர் உள்ளேயே சுருண்டு கிடக்கும். பிரேக்கர் இருக்கும் பேனலில் அது எர்த்தில் சேர்ந்திருந்தால் பாயிண்டை மாற்றினாலே போதும். மூன்றுதான் இருந்து, நாலு பின் வேண்டுமென்றால் 30 ஆம்பியர் இரட்டை பிரேக்கரிலிருந்து 10 கேஜ் தடிமனில் செம்புக் கேபிள் புதிதாக வர வேண்டும், அது எலக்ட்ரீஷியன் வேலை. வாடகை வீடா? சாதா 120 வோல்ட் பாயிண்டில் ஓடும் ஹீட் பம்ப் டிரையர் (சூட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி, குறைந்த கரண்டில் ஓடுவது) வாங்கிவிடலாம், துணி காய நேரம் கொஞ்சம் கூட ஆகும்.